கையொப்பத்துக்கு முன்னும் பின்னும்: மறதிநோய்ப் பராமரிப்பில் குடும்பத்தின் இடம்

மனநலம் குன்றியதால் தானே முடிவெடுக்க இயலாத ஒரு நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமானால் யாரிடம் சம்மதம் பெறுவது என்பதை மலேசியாவின் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தன் 77-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. முடிவெடுக்கும் ஆற்றல் அவருக்கு உண்டா என்பதை முதலில் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். இருந்தால் அவர் சம்மதமே போதும். இல்லையென்றால் உறவினர் சம்மதம் தரலாம். உறவினரும் கிடைக்காவிட்டால் இரண்டு மனநல மருத்துவர்கள் கூடித் தீர்மானிக்கலாம். அதே மனிதர், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு, முன்பின் அறியாதவர்களோடு ஒரு பராமரிப்பு இல்லத்தில் எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? இதற்கு அப்படியொரு எளிய வழியை நம் சட்டம் வகுக்கவில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டணத்தை ஏற்றுக்கொண்ட பிள்ளை படிவத்தில் கையொப்பமிடுகிறார், முன்பணம் செலுத்தப்படுகிறது, விஷயம் முடிந்ததாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தின் பங்கு இந்த ஒரு கணத்தில் குவிந்துகிடக்கிறது. அதற்கு முன்பு நடந்திருக்க வேண்டிய பேச்சும், பிறகு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய பங்களிப்பும் மெலிந்துபோயிருக்கின்றன. மறதிநோய் பற்றிய ஆய்வுகள் அந்த இரண்டு காலங்களில்தான் குடும்பம் நோயாளிக்கு அதிகம் பயன்படுகிறது என்று காட்டுகின்றன. நம் வழக்கமும் சட்டமும் இல்லங்களின் நடைமுறையும் இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கின்றன என்பதே என் வாதம்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 2018-இல் நடந்த தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் (டிமென்ஷியா) இருக்கக்கூடும் என்று கணித்தது. பெண்களிடையே விகிதம் கூடுதல். முறையான பள்ளிக் கல்வி பெறாதவர்களிடையே இன்னும் கூடுதல். படிக்காதவர்கள் சோதனைக் கேள்விகளில் தடுமாறுவதால் வரும் பிழைதானே இது என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டது, எழுத்தறிவு குறைந்த ஆப்பிரிக்க முதியோருக்காக வடிவமைக்கப்பட்ட ஐடியா என்னும் சோதனை. அதனால் பிழை ஓரளவுக்கு மட்டுப்பட்டிருக்கும். நம் சமூகத்தில் இந்த இரண்டு அடையாளங்களும் ஒருசேரப் பொருந்தும் தலைமுறை ஒன்று உண்டு. தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் ஓரிரு ஆண்டுகளோ அதுவும் இல்லாமலோ, பால்மரம் வெட்டப் போன பெண்கள் அவர்கள். சிலாங்கூர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, இன்றைய சுபாங் ஜெயா எழுந்த சீபில்ட் தோட்டத்தைப் போல, அந்தக் குடும்பங்கள் லயங்களை விட்டுக் கிள்ளான், பூச்சோங், பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடிகளுக்கு வந்தன. லயத்தில் ஒரு பாட்டி வழிதவறினால் பத்து வீடு தள்ளி யாராவது கைபிடித்துக் கூட்டிவருவார்கள். எழுநூறு சதுர அடி பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்ட) வீட்டில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர் தனியாக இருக்கிறார். பிரிக்பீல்ட்ஸின் கதை வேறு வகை. ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த, ஆங்கிலக் கல்வி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் சிட்னிக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். ‘நூறு குவாட்டர்ஸ்’ என்ற அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டுவிட்டது. கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து போய்வந்த வழியெங்கும் கோபுரக் கட்டடங்கள். வசதியில் வேறுபட்டாலும் இரண்டு வகைக் குடும்பங்களும் ஒரே சந்திக்குத்தான் வந்துசேர்கின்றன.

அந்தச் சந்திக்கு வரும் விதம் முக்கியமானது. நிதானமாக யோசித்து இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் குறைவு. அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது, அல்லது நிமோனியா வருகிறது. மருத்துவமனையில் இரண்டு வாரம். படுக்கை வேண்டும், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறது வார்டு. அதுவரை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த வீடு இனிச் சமாளிக்க முடியாது என்பது அந்த வாரத்தில்தான் எல்லோருக்கும் தெரியவருகிறது. அப்போது நடக்கும் குடும்பப் பேச்சில் குரல்களின் எடை ஒரே அளவாக இருப்பதில்லை. பணம் கொடுப்பவரின் சொல் முதலில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் அண்ணன் ஒரே வாக்கியத்தில் எதையும் தடுத்துவிடலாம். மூன்று ஆண்டுகளாகக் குளிப்பாட்டி, துணி மாற்றி, இரவெல்லாம் விழித்திருந்த மருமகளோ திருமணமாகாத மகளோ பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கப்படுகிறார். பல சமயம் கேட்கப்படுவதே இல்லை. நோயாளியை யாரும் கேட்பதில்லை. அவருக்கு என்ன தெரியும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட முன்முடிவு. இந்த முன்முடிவு தவறு. லின் ஃபைன்பர்க், கேரல் விட்லாச் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றல் லேசாகவோ நடுத்தரமாகவோ பாதிக்கப்பட்டவர்கள், அன்றாட வாழ்க்கையில் தமக்கு எது வேண்டும், தமக்காக யார் முடிவெடுக்க வேண்டும் போன்ற கேள்விகளுக்கு முரணில்லாமல் பதில் சொல்ல முடிந்தது. நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவருக்கும் யாரோடு இருக்கப் பிடிக்கும் என்பது நினைவிருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய காலம் குறுகியது. இடுப்பெலும்பு முறிந்து வலியிலும் மருந்திலும் குழம்பிக் கிடக்கும் வாரம் நிச்சயமாக அதற்கான வாரம் அன்று.

சட்டம் இந்த இடத்தில் துணை நிற்கிறதா என்றால், நின்றிருக்க வேண்டிய அளவுக்கு நிற்கவில்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த அதே மனநலச் சட்டத்தின்படி, தன்னையும் தன் காரியங்களையும் கவனித்துக்கொள்ள இயலாதவருக்காக உறவினர் உயர்நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் விசாரித்து, அவருடைய உடலுக்கும் சொத்துக்கும் பொறுப்பாளர்களை நியமிக்கலாம். வழக்கறிஞர் கட்டணமும் மருத்துவச் சான்றுகளும் சத்தியப்பிரமாணப் பத்திரங்களும் தேவைப்படும் இந்த வழியை, வீடோ பெரிய வங்கிக் கணக்கோ முடங்கிக்கிடந்தால் தவிர, சாதாரணக் குடும்பங்கள் நாடுவதில்லை. ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னியும் உதவாது. அது சொத்து, பணக் காரியங்களுக்காக எழுதப்படுவது. எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தவர் எனத் தீர்ப்பானால் 1949-ஆம் ஆண்டுப் பவர் ஆஃப் அட்டர்னி சட்டப்படி அதுவும் முடிவுக்கு வந்துவிடும். எந்த நாளுக்காக எழுதினாரோ அந்த நாளில் அது கையில் இருக்காது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. சிங்கப்பூரின் 2008-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பிய எவரும் தனக்கு மனத்திறன் குன்றினால் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பத்திரத்தில் பதிந்து வைக்கலாம். எங்கே வாழ்வது என்பதும் அந்த அதிகாரத்தில் அடங்கும். நியமிக்கப்பட்டவர் தன் வசதிக்காக முடிவெடுக்கக் கூடாது. பத்திரம் எழுதியவரின் நலனுக்காகவும் அவர் விருப்பங்களைக் கருதியும் முடிவெடுக்கக் கடமைப்பட்டவர். மலேசியா 2010-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அதன் 19-ஆவது பிரிவு பேசுகிறது. மறதிநோயாளிகளுக்கு அந்த உரிமையைக் கையில் கொண்டுவந்து தரும் கருவி எதுவும் நம்மிடம் இல்லை.

முன்கூட்டிய குடும்பப் பேச்சு உண்மையிலேயே எதையாவது மாற்றுமா? இதற்குக் கிடைத்திருக்கும் வலுவான சான்று நியூயார்க்கிலிருந்து வருகிறது. மேரி மிட்டல்மன் தலைமையிலான குழு, அல்சைமர் நோயாளிகளைப் பராமரிக்கும் 406 கணவன், மனைவியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான உதவி. மறு பிரிவுக்கு முதல் நான்கு மாதங்களில் ஆறு ஆலோசனை அமர்வுகள்: இரண்டு பராமரிப்பவரோடு தனியாக, நான்கு மற்றக் குடும்பத்தினரையும் சேர்த்து வைத்து. பிறகு ஆதரவுக் குழுவும், வேண்டும்போது தொலைபேசி ஆலோசனையும். 2006-இல் வெளியான முடிவின்படி, இந்த இரண்டாம் பிரிவினர் நோயாளியை இல்லத்தில் சேர்ப்பது இடைநிலை மதிப்பில் 557 நாள்கள் தள்ளிப்போனது. புதிய மருந்து எதுவும் இதில் இல்லை. யார் எந்தச் சுமையை எடுப்பது என்று குடும்பத்தினர் ஒரு பயிற்சி பெற்றவர் முன்னிலையில் உட்கார்ந்து பேசியதன் விளைவு இது. நியூயார்க் தம்பதியரிடம் கண்டதை அப்படியே கிள்ளானுக்குப் பெயர்க்க முடியாது என்பது உண்மை. நம்மிடம் பராமரிப்பவர் வாழ்க்கைத் துணையாக மட்டுமல்லாமல் மருமகளாகவோ மகளாகவோ இருப்பது வழக்கம். வீடுகளும் வேறு, பணமும் வேறு. ஆனால் அந்த வேறுபாடுகள் என் வாதத்தைத் தளர்த்துவதைவிட இறுக்கவே செய்கின்றன. சுமை தாங்குபவருக்குப் பேச்சில் இடமில்லாத குடும்பத்தில், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பதால் கிடைக்கும் பயன் குறையக் காரணமில்லை. பெட்டாலிங் ஜெயாவில் 1997 முதல் இயங்கிவரும் அல்சைமர் நோய் அறவாரியம் பராமரிப்பவர்களுக்கான ஆதரவுக் குழுக்களையும் பகல்நேரப் பராமரிப்பையும் நெடுங்காலமாக நடத்திவருகிறது. தமிழில், கிள்ளானில், மருமகள்களும் கலந்துகொள்ளக்கூடிய நேரத்தில் இத்தகைய அமர்வுகள் பரவலாக நடக்க வேண்டும்.

இனி, கையொப்பத்துக்குப் பிந்தைய காலம். இல்லத்தில் சேர்த்துவிட்டால் குடும்பத்தின் பாரம் இறங்கிவிடும் என்று சேர்ப்பவர்களும் நினைக்கிறார்கள், சேர்த்ததற்காக அவர்களை ஏசுபவர்களும் நினைக்கிறார்கள். ரிச்சர்ட் ஷுல்ஸ் குழு 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட 1,222 பராமரிப்பாளர்களில் 180 பேர் ஆய்வுக் காலத்தில் நோயாளியை இல்லத்தில் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் அவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் பழைய அளவிலேயே இருந்தன. பதற்றத்துக்கான மாத்திரை எடுப்பவர்களின் விகிதம் கூடியது. இல்லத்தில் சேர்த்த கணவன், மனைவியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தினமும் போய்ப் பார்த்தார்கள். இவர்கள் கைகழுவியவர்கள் அல்லர். பராமரிப்பிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதில் என்ன பங்கு எஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் கதவோரம் நிற்பவர்கள். நம் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆரஞ்சுப் பையும் பிஸ்கட் டின்னுமாக இல்லங்களுக்கு வரும் பிள்ளைகளுக்கு, வரவேற்பறை நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர எந்த வேலையும் தரப்படுவதில்லை. அம்மாவுக்கு என்ன மருந்து மாறியது, ஏன் மெலிந்துவிட்டார், இரவில் தூங்குகிறாரா என்பவற்றை ஒருவர் எடுத்துச் சொல்லும் கூட்டம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது.

அப்படி ஒன்று இல்லாததற்கு நோயாளி கொடுக்கும் விலை, வாழ்வின் கடைசிக் கட்டத்தில் தெரிகிறது. மறதிநோய் உயிரைப் பறிக்கும் நோய் என்பதையே நம்மில் பலர் உணர்வதில்லை. வயதானால் வரும் மறதி என்றே நினைக்கிறோம். சூசன் மிட்செல் குழு பாஸ்டன் பகுதியில் 22 இல்லங்களில் முற்றிய மறதிநோயோடு இருந்த 323 பேரைப் பதினெட்டு மாதங்கள் பின்தொடர்ந்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. அந்தக் காலத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு உண்பதில், விழுங்குவதில் சிக்கல் வந்தது. பாதிப்பேருக்குக் காய்ச்சல், நாற்பது விழுக்காட்டினருக்கு நிமோனியா. இவை நோயின் போக்கிலேயே வருபவை. அவர்களுக்காக முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த உறவினர்களில் 96 விழுக்காட்டினர், வலியும் தொல்லையும் இல்லாமல் இருப்பதே தங்கள் முதல் நோக்கம் என்றார்கள். ஆனால் இனி எவ்வளவு காலம் என்பது பற்றி ஒரு மருத்துவர் தங்களிடம் பேசியதாகச் சொன்னவர்கள் 18 விழுக்காட்டினர் மட்டுமே. இதன் விளைவு கணக்கில் துலக்கமாகத் தெரிந்தது. முடிவு நெருங்குகிறது, என்னென்ன சிக்கல்கள் வரும் என்பதைப் புரிந்துகொண்ட உறவினர்களைக் கொண்ட நோயாளிகள், கடைசி மூன்று மாதங்களில் மருத்துவமனை ஓட்டம், அவசரப் பிரிவு, நரம்பில் ஏற்றும் மருந்து, குழாய் உணவு ஆகியவற்றுக்கு ஆளாவது மிகக் குறைவாக இருந்தது. நோயாளியின் இறுதி நாள்கள் எப்படி அமைந்தன என்பது, குடும்பத்துக்கு யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா என்பதோடு கட்டுண்டிருந்தது. அன்பில்லாததால் அல்ல, தெரியாததால்தான் ஒரு மகன் அம்மாவின் மூக்கில் குழாய் போடச் சொல்கிறான். சாப்பாடு இறங்காத தாயைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் மனம் வராது. அதனால்தான் அந்த நாள் வருவதற்கு வெகு முன்பே இல்லமும் மருத்துவரும் குடும்பமும் இதைப் பேசியிருக்க வேண்டும்.

இறுதிக்கட்ட முடிவுகள் பெரியவை. ஆனால் மறதிநோயாளியின் வாழ்க்கை நாள்தோறும் எடுக்கப்படும் சின்ன முடிவுகளால் ஆனது. அவற்றில் குடும்பத்துக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. இந்த நாட்டில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. இரண்டு மூன்று மொழிகள் பேசியவர்களிடம் மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி முதல் மொழி மேலெழுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் சந்தையிலும் அலுவலகத்திலும் மலாய் பேசிய பெரியவர் ஒருவர் கடைசியில் தமிழ் மட்டுமே பேசும் நிலைக்கு வரலாம். அவரைக் குளிப்பாட்டும் ஊழியரோ இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர். ‘வயிறு வலிக்குது’ என்ற இரண்டு சொல் புரியாத இடத்தில், வலியால் கத்துபவர் முரடராகிவிட்டார் என்று குறிப்பேட்டில் எழுதப்படும். அடக்க மாத்திரை கொடுக்கப்படும். வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர் தட்டில் மீனைக் கண்டு தட்டிவிட்டால் அது பசியின்மையாகப் பதிவாகும். ஆண் ஊழியர் சேலையைத் தொட்டதும் கையை ஓங்கும் பாட்டியின் செயலில் நோயைவிட எழுபது ஆண்டு வளர்ப்பே அதிகம் தெரிகிறது. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் வாயில் ஒன்றும் வைக்காத மனிதருக்கு, அந்தச் சிமிழை எடுத்துக் கையில் கொடுத்தால் உணவு தானாக இறங்கும். இவையெல்லாம் மருத்துவ அறிக்கையில் வருவதில்லை. மகளோ மருமகளோ சொன்னால்தான் தெரியும், அதுவும் கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் சொல்ல முடியும். குடும்பத்தின் பங்கை ஏதோ உணர்ச்சி சம்பந்தப்பட்ட கூடுதல் வசதியாக நினைக்கும் இல்ல நிர்வாகிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: இது மருத்துவத் தகவல். இது இல்லாமல் கொடுக்கப்படும் பராமரிப்பு குறையுள்ள பராமரிப்பு.

இந்த வாதத்துக்கு எதிராக நம் சமூகத்தில் முதலில் எழும் குரல், இல்லத்தைப் பற்றிப் பேசுவதே தவறு என்பது. பெற்றவர்களை வெளியே விடுவது பாவம், அதை எப்படிச் செய்வது என்று வழிகாட்டுவது அந்தப் பாவத்துக்குத் துணைபோவது என்பார்கள். இந்தக் குரலின் பின்னாலுள்ள அறவுணர்வை நான் மதிக்கிறேன். அது இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் வீட்டில் இருப்பதாலேயே நல்ல பராமரிப்பு கிடைத்துவிடும் என்பதைச் சான்று ஆதரிக்கவில்லை. விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்ஸும் கோவாவில் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டுக் குடும்ப மரபு வலுவாக உள்ள ஊர்களிலேயே முதியோர் புறக்கணிக்கப்படுவதையும், மறதிநோய் முதுமையின் இயல்பாகவோ பிள்ளைகளின் கவனக்குறைவால் வந்ததாகவோ கருதப்படுவதையும், பராமரிப்பு சொத்து எதிர்பார்ப்போடு கட்டுண்டிருப்பதையும் கண்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் குடும்பங்களை இல்லத்திலிருந்து விலக்கி வைப்பதில்லை. அதைப் பற்றி முன்கூட்டியே பேசுவதிலிருந்துதான் விலக்கி வைக்கிறது. அதனால் முடிவு கடைசி வாரத்தில், அவசரத்தில், கிடைத்த இல்லத்தில், சில சமயம் பதிவுபெறாத இல்லத்தில் முடிகிறது. நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும் என்பதைக்கூட அறியாமல் பெற்றோரை ஒப்படைத்தவர்கள் இருக்கிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்க வழியும் குறுகலானது. இலாகா நடத்தும் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் ஆதரவற்றவராகவும், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடியவராகவும் இருப்பவர்களுக்கு உரியவை. பிள்ளைகள் உள்ள, நோய் முற்றிய ஒருவர் அந்த இரண்டு நிபந்தனையிலும் வெளியே நிற்கிறார். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். தனியார் இல்லக் கட்டணமோ மாதம் சில ஆயிரங்கள். இந்த இடைவெளியில் தவிக்கும் ஒரு மகனைப் பாவி என்று சொல்வதால் அவன் தாய்க்கு ஒரு பருக்கைச் சோறும் கூடுதலாகக் கிடைக்காது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. குடும்பம் எப்போதும் நோயாளியின் பக்கம் நிற்பதில்லை. வீட்டை விற்க அவசரப்படும் பிள்ளை, பென்ஷனில் கண்வைத்த பேரன், ஒருவரையொருவர் பழிவாங்கப் பெற்றோரைப் பகடையாக்கும் உடன்பிறந்தோர் எல்லாம் நாம் அறியாத மனிதர்கள் அல்லர். அதோடு, நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் சான்று உண்டு. டேவிட் ஷலோவிட்ஸ் குழு 2006-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோயாளி எந்தச் சிகிச்சையை விரும்புவார் என்பதை உறவினர்கள் சரியாக ஊகித்தது 68 விழுக்காடு மட்டுமே. மூன்றில் ஒரு முறை தவறு. இன்னும் சங்கடமான செய்தி, முன்பே இதைப் பற்றிப் பேசியிருந்ததும் அந்தத் துல்லியத்தைக் கூட்டவில்லை. முன்கூட்டிய பேச்சை வலியுறுத்தும் நான் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஊகித்தலைப் பொறுத்தவரை குடும்பத்துக்கு மிகையான நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற ஒருவரின் ஒற்றைச் சொல் போதாது. நோயாளி தன் வாயால் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும். அவர் இன்றைக்கு முகத்தாலும் கையாலும் காட்டுவதையும் பார்க்க வேண்டும். பராமரித்தவரும் பணம் கட்டியவரும் வெளிநாட்டில் இருப்பவரும் ஒரே மேசையில் பேச வேண்டும். அந்தப் பேச்சில் குடும்பத்தைச் சேராத ஒருவர், மருத்துவரோ சமூகநல அதிகாரியோ, இருக்க வேண்டும். தீய நோக்கமுள்ள உறவினர் செழிப்பது எல்லாம் ஒரே கையொப்பத்தில் முடியும் இடத்தில்தான். அவர் கையைக் கட்ட, முடிவைப் பலர் பார்வையில், பல கட்டமாக, எழுத்தோடு நடத்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இல்லம் நடத்துபவர்களின் ஆட்சேபம் எளிமையானது: ஆள் இல்லை, நேரம் இல்லை, குறைசொல்ல வரும் குடும்பங்களைச் சமாளிப்பதே பெரும்பாடு. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பத்தோடு அரைமணி நேரம் பேசுவது தாங்க முடியாத செலவன்று. காரணம் புரியாத கத்தலையும் உணவு மறுப்பையும் இரவுபகலாகச் சமாளிப்பதுதான் பெருஞ்செலவு. அமெரிக்கா 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, இல்லத்தில் உள்ளவர்களின் குடும்பங்கள் கூடிப் பேசும் உரிமையை எழுதிவைத்தது. அங்கேயும் ஆள் பற்றாக்குறை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

செய்ய வேண்டியவை இவற்றிலிருந்து தாமே வந்துசேர்கின்றன. தெளிவோடு இருக்கும்போதே தனக்காக முடிவெடுப்பவரை நியமித்துக்கொள்ளவும், அவரைக் கணக்குக் கேட்கவும் வழிசெய்யும் மனத்திறன் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். உயர்நீதிமன்றம் பணக்காரர்களுக்கு மட்டும் எட்டும் வழியாக இருக்கும்வரை ஏழையின் மறதிநோய்க்குச் சட்டமே இல்லை. முதியோருக்கான தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் பற்றிய 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில், சேர்க்கும்போது நோயாளியின் மொழி, உணவு, வழிபாடு, பழக்கங்கள் பற்றிய எழுத்துக் குறிப்பும், குடும்பத்தோடு தவறாமல் நடக்கும் பராமரிப்புக் கூட்டமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கோயில்களும் சங்கங்களும் இதில் சும்மா இருக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவைச் சுற்றியும் மண்டபங்களுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு மாலை அவற்றில் ஒன்று பராமரிப்பவர் கூட்டத்துக்குத் திறந்தால் போதும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் ஒரு வேலையை இன்றே செய்யலாம். உங்கள் பெற்றோர் தெளிவாக இருக்கிறார்களென்றால், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கூடும் அடுத்த நாளில் அவர்களிடமே கேளுங்கள்: முடியாமல் போனால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எது இல்லாமல் அவர்களால் இருக்க முடியாது. சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதியிட்டு, எல்லோரும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரை ஏற்கெனவே இல்லத்தில் சேர்த்தவர்கள், அடுத்த முறை போகும்போது பராமரிப்புக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவரோடு பேச நாள் கேளுங்கள். வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்ட அந்த மருமகளையோ தங்கையையோ உடன் அழைத்துப் போங்கள்.